மருதையாற்றங்கரையில் சந்திரபாபு

சந்திரபாபு என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது 1974-ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே, மருதையாற்றை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. அங்கிருந்து இரண்டு மைல் தொலைவில், அறுவடை முடிந்த கரிசல் காட்டின் ஓரமாக டூரிங் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். கீற்று வேய்ந்த கூரை, மூங்கில் தட்டி, தரை டிக்கெட்காரர்களுக்கு ஆற்று மணல். அங்கே 'சபாஷ் மீனா' வந்திருந்தது. படம் வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்துக்குப் படங்கள் அப்படித்தான் வரும். பெருநகரங்களில் ஓடி, சிறுநகரங்களில் ஓடி, படச்சுருளில் கோடு கோடாக மழை பெய்யத் தொடங்கிய பிறகு.

திரையில் ஒருவர் துள்ளிக்கொண்டிருந்தார். கையும் காலும் எலும்பில்லாதவை போல வளைந்தன. நடக்கும்போதே பாதி நடனமாக இருந்தது. மணலில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், அந்த மனிதர் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் சென்னையில் இறந்துபோனார் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது வயது பத்து. இறந்துபோனவர் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பது எப்படி என்று விளங்கவில்லை. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகும்போதும் அந்தக் கேள்வியே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அரை நூற்றாண்டு கடந்த பின்பு, இன்று சந்திரபாபுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய வீழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். குடி, கடன், கைவிட்டுப் போன மாளிகை, முறிந்த திருமணம், நின்றுபோன படம் ஆகியவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு, போகிற போக்கில் அவர் ஒரு நகைச்சுவை நடிகர் என்று முடித்துவிடுகிறார்கள். காணொளிகளிலும் இதே கதை, இதே சோக இசையோடு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒருவர் நம்மைச் சிரிக்க வைத்த கணக்கை முதலில் எழுத வேண்டும். அவர் பட்ட கடன் கணக்கு அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தூத்துக்குடியில் பிறந்தார். ஆகஸ்ட், அந்த ஊரில் பனிமய மாதாவின் திருவிழா மாதம். பிள்ளைக்கு அந்த அன்னையின் பெயரே அமைந்தது. வீட்டில் அழைத்த பாபு என்ற செல்லப்பெயரோடு, தம் மரபினர் சந்திர குலத்தவர் என்று உரிமை கொண்டாடும் வழக்கத்தை ஒட்டிச் சந்திரா என்பதை முன்னே சேர்த்துக்கொண்டு அவர் பின்னாளில் சந்திரபாபு ஆனார். அவருடைய பெயரே இப்படி இரண்டு வேடங்கள் போட்டது. ரொட்ரிகஸ் என்ற பெயரைக் கேட்பவர்களுக்கு ஒருவரும், சந்திரபாபு என்ற பெயரைக் கேட்பவர்களுக்கு வேறொருவரும் கண்முன் வருவார்கள்.

தந்தையார் விடுதலைப் போராட்ட வீரர். 'சுதந்திர வீரன்' என்ற பெயரில் பத்திரிகை நடத்தியவர். வெள்ளை அரசின் சினத்துக்கு ஆளாகிக் குடும்பமே நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதனால் பிள்ளையின் படிப்பு கொழும்பில் நடந்தது. தூத்துக்குடியின் கடற்கரைத் தமிழ், கொழும்பின் ஆங்கிலப் பள்ளி, தேவாலயத்துப் பாட்டு, அந்தத் துறைமுக நகரத்துக்கு இசைத்தட்டுகளாக வந்து இறங்கிய மேற்கத்திய இசை எல்லாம் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தன. 1943-இல் குடும்பம் தாயகம் திரும்பிச் சென்னையில், திருவல்லிக்கேணிப் பகுதியில் குடியேறியது. அந்த இளைஞர் சென்னைத் தமிழைக் கேட்டுக் கற்றது அந்தத் தெருக்களில்தான் இருக்க வேண்டும்.

தூத்துக்குடி என்ற பெயர் எங்கள் வட்டாரத்துக்குள் நுழைந்தது வேறொரு வழியில் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு ரயில் அரியலூரை அடுத்து மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய நேரம். 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார் என்பதால் அந்த விபத்து வரலாற்றில் இடம்பிடித்தது. எங்கள் ஊரில் அது வேறு விதமாக நிலைத்திருக்கிறது. வடக்கயிற்றோடும் வைக்கோல் வண்டியோடும் ஆற்றுக்கு ஓடியவர்களில் என் தந்தையாரும் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு நாள் ஆற்றில் நின்றார் என்று பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து அதைப் பற்றி நான் கேட்ட சொற்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். வாழ்நாள் முழுவதும் அவர் ரயிலேறவில்லை. அதிகம் சிரித்தவரும் அல்லர். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் பாதை இல்லையே என்று மற்றவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போது, அவர் மட்டும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

சந்திரபாபுவிடம் திரும்புகிறேன். 1947-இல், மணிக்கொடி எழுத்தாளர் பி.எஸ். ராமையா இயக்கிய 'தன அமராவதி'யில் அவருக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது. அதன் பின் வாசல்கள் உடனே திறக்கவில்லை. சிறு சிறு வேடங்கள், நெடிய காத்திருப்பு. 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முயன்று முயன்று முடியாமல் போனபோது, அங்கேயே உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். காப்பாற்றப்பட்டு, வழக்கையும் சந்தித்தார். பின்னர் அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் அமைந்தது. இந்த நிகழ்ச்சியை வீரச் செயல்போல் விவரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரை ஒரு தொழில் அந்த அளவுக்குத் தள்ளியது என்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் விரைந்து உயர்ந்தார். பாடகராகவும் நடிகராகவும் ஒரே நேரத்தில் உயர்ந்தார் என்பதுதான் அவரைத் தனித்துக் காட்டியது. 1954-இல் வெளிவந்த ஏவி.எம்.மின் 'பெண்' படத்தில், வீணை வித்தகர் எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடியவர் சந்திரபாபு. இசையில் கரைகண்ட ஒருவருக்கு நகைச்சுவை நடிகர் குரல் கொடுத்தார் என்பதை இன்று கேட்டாலும் வியப்பாகத்தான் இருக்கிறது. அடிக்குரலிலிருந்து உச்சிக் குரலுக்குத் தாவித் தாவி உடைத்துப் பாடும் யோட்லிங் முறையை அவர் தமிழ்ப் பாட்டில் இயல்பாகப் பொருத்தினார். 'குலேபகாவலி', 'புதையல்', 'நாடோடி மன்னன்', 'மரகதம்' என்று அடுத்தடுத்து வந்த படங்களில் அவர் பாடினார், ஆடினார், விழுந்தார், எழுந்தார். விழுவதைக் கலையாகச் செய்தவர் அவர். படிக்கட்டில் ஒருவர் உருண்டால் அது விபத்து. சந்திரபாபு உருண்டால் அதில் தாளம் இருந்தது.

'சபாஷ் மீனா' வெளிவந்தது 1958-ஆம் ஆண்டு அக்டோபரில். பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கினார்; இசை டி.ஜி. லிங்கப்பா. இதே பந்துலுவும் சிவாஜி கணேசனும் அடுத்த ஆண்டே 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், கட்டபொம்மனின் முழக்கத்துக்கு முன்பு இருவரும் சற்று விளையாடிப் பார்த்த படம் இது என்று தோன்றும். விளையாட்டு என்றாலும் மிகக் கவனமாகக் கட்டப்பட்ட விளையாட்டு.

பொறுப்பில்லாமல் திரியும் செல்வந்தர் மகன் மோகன், அது சிவாஜி. அவனைத் திருத்தும் பொருட்டுத் தந்தை சென்னையில் இருக்கும் தம் நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார். நண்பராக எஸ்.வி. ரங்காராவ். கண்டிப்பு மிகுந்த அந்த வீட்டில் அடைபட்டுக் கிடக்க மோகனுக்கு மனமில்லை. எனவே, தன் தோழன் சேகரை மோகன் என்ற பெயரில் அங்கே அனுப்பிவிட்டு அவன் ஊர் சுற்றுகிறான். சேகர்தான் சந்திரபாபு. போன இடத்தில் அந்த வீட்டுப் பெண்ணிடம், பி. சரோஜாதேவியிடம், சேகர் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஊர் சுற்றப் போன மோகன், மாலினி நடித்த மீனாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஒருவன் பெயரில் இன்னொருவன் வாழும் பொய்க்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இந்தக் குழப்பம் போதாதென்று, சேகரை அச்சில் வார்த்தது போன்ற ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கதைக்குள் நுழைகிறார். அவரும் சந்திரபாபுவே.

ஆள்மாறாட்ட நகைச்சுவை உலகப் பொதுவானது. பண்டைய ரோமின் நாடக மேடையில் இரட்டையர் குழப்பம் உண்டு. ஷேக்ஸ்பியர் அதை எடுத்தாண்டார். 'சபாஷ் மீனா'வுக்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவில் பில்லி வைல்டர், கொள்ளைக் கூட்டத்துக்கு அஞ்சிப் பெண் வேடமிட்டு ஓடும் இரு இசைக்கலைஞர்களை வைத்து 'சம் லைக் இட் ஹாட்' எடுத்தார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தில் எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். அது 1941-இல் படமாகவும் வந்து வெற்றி பெற்றது. எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளித் திருமணத்திலும் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் மாறிமாறி வந்து வள்ளியை ஏமாற்றுவதைப் பார்த்துத்தான் பாட்டிமார்கள் சிரித்தார்கள்.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியையும் இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. இத்தாலியில் பிறந்து, தமிழ்த் துறவியின் கோலம் பூண்டு, தமிழ்ப் பெயர் ஏற்ற வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் அது. தமிழ் உரைநடையின் தொடக்க கால நகைச்சுவைப் படைப்பான பரமார்த்த குருவின் கதையை எழுதியவர் அவர். வேற்றுக் கோலமும் நகைச்சுவையும் எங்கள் மண்ணுக்குக் கொட்டகையோடு வந்தவை அல்ல.

ரிக்‌ஷாக்காரர் வேடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை தமிழ்த் திரையில் ஏழைத் தொழிலாளி பேசிய தமிழ் பெரும்பாலும் எழுத்தாளர் எழுதித் தந்த தமிழ். சந்திரபாபு அந்த வேடத்துக்குச் சென்னைத் தெருவின் பேச்சை அதன் இழுவையோடும் வெட்டோடும் கொண்டுவந்தார். கேலி செய்வதற்காக அல்ல. அந்த மனிதரைப் படைப்பதற்காக. சேகரின் நடை வேறு, ரிக்‌ஷாக்காரரின் நடை வேறு. சேகர் தோள்களைத் தளரவிட்டு நடப்பான். ரிக்‌ஷாக்காரரின் தோள்களில் பாரம் இழுத்த இறுக்கம் தெரியும். முகம் ஒன்றே, ஒப்பனையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் உடம்பைப் பார்த்தே யார் எவர் என்று சொல்லிவிடலாம். கொழும்பில் ஆங்கிலம் வழியே படித்த தூத்துக்குடிக்காரர், சென்னையின் உழைக்கும் மக்களில் ஒருவராகவே மாறி நின்றார். மனிதரை மனிதர் இழுத்த அந்தக் கைரிக்‌ஷாக்களை 1973-இல் தமிழக அரசு ஒழித்தது. மறுஆண்டு சந்திரபாபுவும் மறைந்தார். அவற்றை இழுத்தவர்களின் பேச்சு இன்றும் காதில் விழுவதற்கு அவரும் ஒரு காரணம்.

சிவாஜி கணேசனை விட ஒரு ரூபாயாவது கூடுதல் ஊதியம் வேண்டும் என்று இந்தப் படத்துக்காக அவர் பிடிவாதம் பிடித்தார் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. ஆனால், படம் பார்த்தவர்கள் அந்தக் கதையை நம்பத் தயாராக இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நடிகர் திலகத்தோடு சரிக்குச் சரியாக ஒரு நகைச்சுவை நடிகர் படம் முழுவதும் நின்றார். சிவாஜியும் அதற்கு இடம்கொடுத்து, தாமும் நகைச்சுவையில் இறங்கி விளையாடினார். 1962-இல் பந்துலு இதே கதையை இந்தியில் 'தில் தேரா தீவானா' என்று எடுத்தபோது, சந்திரபாபு செய்த வேடத்தை ஏற்ற மெஹ்மூத் சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது பெற்றார். தமிழ் நடிகர்களுக்கு அவ்விருதை வழங்கும் வழக்கம் அந்நாளில் இல்லை. 1996-இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற 'உள்ளத்தை அள்ளித்தா'வைப் பார்த்துச் சிரித்த இளைஞர்களில் எத்தனை பேர், தாங்கள் சிரிப்பது 'சபாஷ் மீனா'வின் பேரப்பிள்ளையைப் பார்த்து என்று அறிந்திருந்தார்களோ!

எங்கள் கொட்டகையில் அன்றிரவு நடந்ததும் ஓர் ஆள்மாறாட்டமே. ஒரே படப்பெட்டியை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொள்வது அந்நாளில் சிக்கன வழி. ஓரிடத்தில் ஓடி முடிந்த சுருள்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்கு விரைவார் ஒருவர். அன்று சுருள் வந்த வரிசையில் குளறுபடி. ரிக்‌ஷாக்காரரை நமக்கு அறிமுகம் செய்யும் காட்சிகள் வருவதற்கு முன்பே, அவர் தம் குடும்பத்தோடு இருக்கும் காட்சிகள் ஓடிவிட்டன. பங்களாவில் கோட்டு சூட்டோடு இருந்த சேகர் திடீரென்று குடிசையில் நின்று சென்னைத் தமிழ் பேசுவதைக் கண்டு கூட்டம் திகைத்தது.

உடனே தரை டிக்கெட் இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது. ரங்காராவிடம் அகப்படாமல் இருக்கச் சேகர் மாறுவேடம் போட்டிருக்கிறான் என்றது ஒரு கட்சி. அவனுக்கு முன்பே கல்யாணமாகிக் குடும்பம் இருக்கிறது, சரோஜாதேவியை ஏமாற்றுகிறான் என்றது இன்னொரு கட்சி. பெண்கள் பகுதியிலிருந்து சேகருக்குச் சாபங்கள் விழுந்தன. இறந்துபோனவர் என்று சொன்ன பெரியவரும் எழுந்து நின்று மாறுவேடக் கட்சிக்காக வாதாடினார். படம் ஓடிக்கொண்டே இருந்தது. வாக்குவாதமும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு சந்திரபாபுகளும் வெவ்வேறு ஆட்கள் என்று புலப்பட்டபோது எழுந்த கூச்சலில் கீற்றே பறந்துவிடும் போலிருந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் நான் திரும்பிப் பார்த்தேன். என் தந்தையார் சிரித்துக்கொண்டிருந்தார். புன்னகை அல்ல, தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்காலில் தட்டித் தட்டி, மூச்சு வாங்கச் சிரித்தார். அப்படி அவரை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. என் அம்மாவும் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் ஆற்று மணலில் நடக்கும்போதும் நடுநடுவே அவர் தமக்குள் சிரித்துக்கொண்டார். அந்த ஆற்றை அவர் அவ்வளவு எளிதாகக் கடந்ததையும் அன்றுதான் பார்த்தேன். சந்திரபாபுவைப் பற்றி நான் நடுநிலையோடு எழுதவில்லை என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்வேன். எங்கள் வீட்டுக்கு அவர் செய்த உதவி அது.

'சபாஷ் மீனா'வுக்குப் பிறகு அவருடைய மதிப்பு எந்த அளவில் இருந்தது என்பதற்கு 1959-இல் வந்த 'சகோதரி' ஒரு சான்று. எடுத்து முடித்த படம் சோர்வாக இருக்கிறது என்று உணர்ந்த ஏவி. மெய்யப்ப செட்டியார், சந்திரபாபுவைப் பால்காரராக வைத்துத் தனி நகைச்சுவைப் பகுதி ஒன்றை எடுத்துச் சேர்த்தார். படம் பிழைத்துக்கொண்டது. தன்னை முட்டாள் என்று தானே சொல்லிக்கொண்டு அதில் அவர் பாடும் பாட்டு இன்றும் தேநீர்க் கடைகளில் கேட்கிறது. 1962-இல் 'அன்னை'யிலும் 1964-இல் 'ஆண்டவன் கட்டளை'யிலும் அவர் பாடியவை, வேடிக்கைப் பாட்டின் மெட்டுக்குள் வாழ்க்கைக் கசப்பைப் பொதிந்து வைத்தவை. அந்தப் பாடல்களை எழுதிய கவிஞர்களுக்குச் சந்திரபாபுவின் குரல் கிடைத்தது நல்வாய்ப்பு. வேறொருவர் பாடியிருந்தால் அவை உபதேசம் ஆகியிருக்கும்.

சரிவும் அதே ஆண்டுகளில்தான் தொடங்கியது. 'சபாஷ் மீனா' வந்த காலத்தை ஒட்டி நடந்த அவருடைய திருமணம் விரைவிலேயே முறிந்தது. அதைப் பலரும் பலவாறாக எழுதிவிட்டார்கள். நானும் எழுத விரும்பவில்லை. 1960-இல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகன் ஆனார். பெயருக்கு நேர்மாறாக அந்தப் படம் தயாரிப்பாளருக்குத் தீராத கவலையைத் தந்தது. நடிகரின் போக்கும் அதற்கு ஒரு காரணம் என்பதைக் கவிஞர் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். 'குமார ராஜா'விலும் அவரே நாயகன். அதன்பின் எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்ற படத்தைத் தாமே எடுக்கத் தொடங்கினார். படம் நின்றுபோனது, போட்ட பணம் திரும்பவில்லை. கேசவப்பெருமாள்புரத்தில், கார் மேல்மாடி வரை ஏறிச் செல்லும்படி ஆசையோடு கட்டத் தொடங்கிய வீடும் கையை விட்டுப் போனது.

இந்த இடத்தில்தான் பழியைச் சுமத்த ஒருவரைத் தேடும் வழக்கம் தொடங்குகிறது. ஒரு சாரார் எம்.ஜி.ஆரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். இன்னொரு சாரார் சந்திரபாபுவின் நாக்கையும் குடியையும் காட்டுகிறார்கள். படம் நின்ற பிறகும் 'பறக்கும் பாவை', 'அடிமைப் பெண்' போன்ற எம்.ஜி.ஆர். படங்களில் சந்திரபாபு நடித்திருக்கிறார் என்பதை முதல் சாரார் சொல்வதில்லை. குடியும் நாவடக்கமின்மையும் கொண்ட எத்தனையோ பேர் அதே திரையுலகில் முழு வாழ்வு வாழ்ந்தார்கள் என்பதை இரண்டாம் சாரார் சொல்வதில்லை. அவர் பேச்சில் ஒளிவுமறைவு இல்லாதவர். பெரியவர்களையும் பெயர் சொல்லி அழைத்தவர். கடன் வாங்கிப் படமெடுக்கும் தொழிலுக்கு வேண்டிய எச்சரிக்கை சிறிதும் இல்லாதவர். தவறுகளில் அவருடைய பங்கு பெரிது என்றே நான் நினைக்கிறேன். நகைச்சுவை நடிகர் நகைச்சுவை நடிகராகவே இருக்க வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் வைத்திருந்த தொழிலுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தச் சட்டத்தை எதிர்த்து அவர் கடைசியாக எடுத்த முயற்சி 1966-இல் வந்த 'தட்டுங்கள் திறக்கப்படும்'. கதையும் இயக்கமும் அவருடையவை. உடன் நடித்தவர் சாவித்திரி. தலைப்பு விவிலியத்திலிருந்து வந்தது. படம் ஓடவில்லை. நான் அதை மிகவும் பிந்தியே பார்த்தேன். குறைகள் உள்ள படம்தான், இடையிடையே தள்ளாடுகிறது. ஆனால், விழுந்து எழுந்து சிரிக்க வைத்த மனிதர், முகத்தை அசைக்காமல் நிற்கும் காட்சிகள் சில அதில் உண்டு. அவற்றை எடுக்கும் துணிவு அன்றைய தமிழ் இயக்குநர்களில் மிகச் சிலருக்கே இருந்தது.

எஞ்சிய ஆண்டுகளில் வாய்ப்புகள் சுருங்கின, உடல் தளர்ந்தது, நண்பர்கள் குறைந்தார்கள். இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் கடைசிவரை உடனிருந்த நண்பர்களில் ஒருவர். 1974 மார்ச் 8-ஆம் நாள் சந்திரபாபு மறைந்தார், வயது நாற்பத்தாறு. சென்னை சாந்தோமுக்கு அருகே உள்ள கிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

எங்கள் கொட்டகையும் நெடுநாள் நீடிக்கவில்லை. அது இருந்த இடத்தைச் சுற்றி இப்போது சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நிற்கின்றன. அன்று திருச்சி மாவட்டமாக இருந்த எங்கள் ஊர், 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது, 2001-இல் அரியலூர் மாவட்டம் ஆனது, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்தது, 2007-இல் மறுபடியும் அரியலூர் ஆனது. அஞ்சலட்டையில் முகவரி எழுதுகிறவர்களுக்கு நாங்களே ஓர் ஆள்மாறாட்டக் கதைதான்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சியில் 'சபாஷ் மீனா' ஒளிபரப்பானது. எங்கள் திண்ணையை ஒட்டிய அறையில் பெட்டி. தந்தையார் அறுபதைத் தாண்டிவிட்டார், பார்வை மங்கியிருந்தது. சுருள்கள் இம்முறை சரியான வரிசையில் வந்தன. ரிக்‌ஷாக்காரர் முறைப்படி அறிமுகமாகி, முறைப்படி குழப்பம் விளைந்து, முறைப்படி தீர்ந்தது. கொட்டகையில் அன்று நடந்த வாக்குவாதம் எவ்வளவு வீண் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. தந்தையாரிடம் அதை விளக்கத் தொடங்கினேன்: சுருள் மாறியதால்தான் அவ்வளவு குழப்பம், சேகர் வேறு, ரிக்‌ஷாக்காரர் வேறு, இருவரும் தனித்தனி ஆட்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இரண்டும் அந்தத் தூத்துக்குடிக்காரர்தானே என்று சொல்லிவிட்டு, மறைத்துக்கொண்டிருந்த என்னைச் சற்று ஒதுங்கி உட்காரும்படி கையைக் காட்டினார்.